அமுங்காத படகு

அந்தப் படகைக் கடலில் கொண்டுபோய் அமுக்கிவிட்டு வரச் சொன்னது நான்தான். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றுதான் சொன்னார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு ஊரில் எல்லோரும் அவரைத்தான் கேள்வி கேட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

அது ஃபைபர் படகு. பதினைந்து வருஷம் தொழிலுக்குப் போனது. அடிப்பக்கம் விரிசல் விட்ட இடங்களில் எல்லாம் பிசின் ஊற்றி ஒட்டுப்போட்டு, அதற்குமேல் மறுபடி ஒட்டுப்போட்டு, கடைசியில் ஒட்டின் கனத்திலேயே தண்ணீரில் பாதி இறங்கிப் போக ஆரம்பித்தது. என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து வேறொரு படகு எடுத்தார்கள். இன்ஜினைக் கழற்றி அதில் மாட்டிக்கொண்டார்கள். பழையது திருவொற்றியூர்க் குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே, அலைக்காகக் கொட்டிய பாறைகளுக்கு இந்தப் பக்கம், வானத்தைப் பார்த்தபடி கிடந்தது. கவிழ்த்துப் போட எட்டுப் பேர் வேண்டும். நாளைக்கு நாளைக்கு என்று இரண்டு வருஷம் போய்விட்டது.

மழைத்தண்ணீர் அதில் தேங்கும். போன மழைக்காலத்தில் என் மகளுக்கு டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன அந்த நாட்களில், நர்ஸ் கையில் காகிதத்தோடு வார்டுக்குள் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். வீட்டுக்குத் திரும்பிய பிறகு அந்தப் படகைப் பார்க்கவே பயமாக இருந்தது. மழை பெய்த மறுநாள் காலையில் சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றுவேன். ஒட்டுப்போட்ட பள்ளங்களில் கொஞ்சம் நின்றுகொண்டேதான் இருக்கும். கொசு மருந்து அடிக்க வரும் மாநகராட்சிப் பெண் இரண்டு முறை எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனாள். மூன்றாவது முறை, அடுத்த தடவை வரும்போது இது இங்கே இருக்கக் கூடாது என்றாள்.

காயலான் கடைக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பல வருஷமாகக் காலடிப்பேட்டையில் கடை வைத்திருப்பவர். படகை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இத எடுத்து நான் என்னத்தக்கா செய்ய? இரும்பு உருகும், பித்தளை உருகும், பிளாஸ்டிக்கூட உருகும். இது உருகவும் செய்யாது, மக்கவும் செய்யாது. சும்மா குடுத்தாலும் வேண்டாம்."

குப்பை வண்டிக்காரர்கள் பக்கத்தில்கூட வரவில்லை. எரித்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. முன்பு பக்கத்துக் குப்பத்தில் ஒருவர் தன் படகை மணலில் வைத்துக் கொளுத்தினார். கரும்புகை தெருவுக்குள் இறங்கியது. கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் எல்லோரும் மெயின்ரோட்டுக்கு ஓடினோம். அதற்குப் பிறகு எரிக்கும் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

அப்போதுதான் நான் சொன்னேன். "கடல்ல இஸ்துகினு போய் அமுக்கிட்டு வந்துடு மாமா."

அவர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். "அது அவ்ளோ லேசுல அமுங்காதுமே. மூக்குலயும் வால்லயும் உள்ள தெர்மாகோல் அடைச்சு கீது. போட்டு கவுந்தாலும் மெதக்கணும்னுதான் அத வெக்கிறது."

"கல்லு போடு. ஓட்ட போடு. ஊர்ல யாருமே அமுக்கலியா?"

"அமுக்கிக்கிறாங்க. ஆனா..."

"ஆனா கீனான்னு சொல்லிகினே இரு. இன்னொரு தபா புள்ளைக்கு காய்ச்சல் வரட்டும்."

மகளை நடுவில் இழுத்த பிறகு அவரால் ஒன்றும் பேச முடியவில்லை. பேச முடியாது என்று தெரிந்துதான் இழுத்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், காலைத் தொழில் முடிந்து வந்த பிறகு, அண்ணனும் தம்பியும் ஆள் சேர்த்து அதைக் கடலில் இறக்கினார்கள். இடித்த வீட்டுக் கான்கிரீட் துண்டுகளை ஏற்றினார்கள். புதுப் படகில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். நான் பாறைமேல் நின்று பார்த்தேன். அது சின்னதாகிப் போனபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இறங்கி வந்து, அது கிடந்த இடத்தைப் பெருக்கிவிட்டேன்.

சாயங்காலம் திரும்பியவர் "போயிடுச்சு" என்றார். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அலுப்பு என்று நினைத்தேன்.

நான் காலடிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிறேன். எனக்குப் பக்கத்தில் கடை போடும் அக்கா முகத்துவாரக்குப்பத்திலிருந்து வருகிறவள். நான் பிறந்த ஊரும் அதுதான். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய குப்பம். படகு போன மூன்றாம் நாள் காலையில், கூட்டம் குறைந்த நேரத்தில், அவள் சும்மா பேச்சுக்கு ஒன்று சொன்னாள்.

"என் பெரியவன் நேத்து ஒண்ணு பாத்தானாம். கப்பலுங்க நிக்கிற எடத்துக்கு இந்தாண்ட. வெள்ளையா, தண்ணி மட்டத்துக்கு மூக்க நீட்டிகினு இருந்துச்சாம். செத்த மீனுன்னு நெனச்சானாம். பெரிய மீனு. கிட்ட போறதுக்குள்ள அலைல மறஞ்சிடுச்சாம்."

"இன்னா மீனு?"

"மீனே இல்லன்றான். இன்னாவோ ஒண்ணு."

வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த கத்தி என் கையிலேயே நின்றுவிட்டது. ஆடியில் கடல் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். தெண்டி என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். திருவொற்றியூருக்கு நேரே விட்டது மூன்று நாளில் எங்கே போயிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணூருக்குத்தான் போயிருக்கும். அங்கேதான் என் தம்பி தொழில் செய்கிறான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செதில் உரித்துக்கொண்டிருந்தவளின் மகனும் அங்கேதான் போகிறான். நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலைவலி என்று சொல்லி, மிச்ச மீனை அவளிடமே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார்.

"அது அமுங்குறத நீ பாத்தியா மாமா?"

எது என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

"பாதி பாத்தேன்" என்றார். "ஓட்ட போட்டு விட்டோம். கல்லுங்கல்லாம் பின்னாடி சரிஞ்சிடுச்சு. வாலு எறங்கிச்சு. மூக்கு மட்டும் நட்டுகினு நின்னுது. காத்து புடிச்சிகிச்சு. போலாம்டான்னு அண்ணன் சொல்லிச்சு. ராவுக்குள்ள போயிடும்னு நெனச்சேன்."

"நம்பர அழிச்சியா?"

படகின் மூக்கில் இரண்டு பக்கமும் பதிவு எண் எழுதியிருக்கும். அதை வைத்து யார் படகு என்று மீன்வளத்துறை ஆபீசில் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள்.

"ஒரு பக்கம் சொரண்டிட்டேன்" என்றார். "இன்னொரு பக்கம் மறந்துட்டேன்."

அன்றைக்கு மதியமே அவரும் அவர் அண்ணனும் தேடப் போனார்கள். பொழுது சாயும்வரை தேடிவிட்டு வெறுமனே வந்தார்கள். அலையில் ஒரு கை உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கை எங்கே என்று தேடுவது?

எனக்குக் கண்ணை மூடினால் அதுதான் வந்தது. ஃபைபர் படகுகள் விடிவதற்கு முன்பு கிளம்பும். முழு வேகத்தில் போகும். முன்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தூரத்தில் நிற்கும் கப்பல்களின் விளக்கு தெரியும், எதிர்ப் படகின் டார்ச் தெரியும். தண்ணீருக்குள் செங்குத்தாக நின்றுகொண்டிருக்கும் பாதிப் படகு தெரியாது. கடலுக்குப் போகிற ஆணைக் கட்டிக்கொண்டவள் நான். காற்றுக்கும் அலைக்கும் பயந்து பழகியவள். அந்தப் பயத்தை அம்மனிடம் சொல்லி அழலாம், பக்கத்து வீட்டில் சொல்லலாம். இதை யாரிடம் சொல்வது? வாயைத் திறந்தால் முதலில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து முகத்துவாரக்குப்பம் போனேன். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றிருந்த ரோட்டில் ஆட்டோ ஊர்ந்தது. போலீஸ் ஜீப் ஒன்று எதிரே போனதற்கே முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டேன்.

தம்பி கழிமுகக் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தான். ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கேட்டு முடித்தவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"நேத்துலேர்ந்து."

"நேத்தே சொல்லிக்கலாமே யக்கா."

"இப்பதான் வந்துட்டன்ல. ரெண்டு நாளைக்கு நீ கடலுக்கு போவாத நைனா. அதுக்குள்ள உங்க மாமன் தேடி எடுத்துடும்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். சின்ன வயதில் என் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவன். அப்படி ஒரு பார்வையை நான் அவனிடம் பார்த்ததில்லை.

"நான் போவல. சரி. இந்தக் குப்பத்துலேர்ந்து இன்னும் எவ்ளோ போட்டு போவுது? அதுல போறவன்லாம் யாரு உனக்கு?"

நான் அழுதேன். அவன் அழ விட்டுவிட்டுச் சொன்னான். "சாயங்காலத்துக்குள்ள மாமன உங்க ஊர் மைக்ல சொல்ல சொல்லு. வடக்க ஒரு போட்டு மெதக்குது, பாத்து போங்கன்னு. எங்க ஊருக்கு தானா வந்துடும். நாளைக்கு விடிஞ்சும் சொல்லலன்னா நான் சொல்லிடுவேன். உன் பேரு கெடும்னு பாக்க மாட்டேன்."

இதைச் சொல்லி என்னை அனுப்பிவிட்டான். அன்றைக்கே அவன் வாயைத் திறந்திருக்கலாம். அக்காவின் பெயருக்காக ஒரு சாயங்காலம் பொறுத்தான். அதை நினைத்து அவன் இன்றுவரை நொந்துகொள்கிறான். அதுவும் என்னால்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் ஒப்பவில்லை.

"மைக்ல சொன்னா ஸ்டேஷன்லேர்ந்து வருவாங்க. நம்பர் எம் பேர்ல கீது. புதுப் போட்டையும் நிறுத்திட்டா இன்னா பண்றது? அண்ணன் குடும்பமும் சேந்து நிக்கும். இன்னும் ஒரு நாள் தேடறேன். நாளைக்கு கண்டிப்பா கெடைக்கும்."

அவர் சொல்லாவிட்டால் நானே சொல்லலாம் என்று கிளம்பினேன். ஆடி மாதம் என்பதால் அம்மன் கோயில் பந்தலில் காலையிலிருந்து மைக் கட்டியிருந்தார்கள். பாட்டுக்கு நடுவில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கூழ் ஊற்றும் நேரம், காணாமல் போன பர்ஸ், வழி தவறிய குழந்தை. நான் போய் மைக் மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். பந்தலில் பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் என்னைத் தெரியும்.

மைக்காரர் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். "இன்னாக்கா, இன்னா சொல்லணும்?"

ஒரே ஒரு வாக்கியம்தான். அதற்குப் பிறகு என்ன கேட்பார்கள் என்று யோசித்தேன். யார் படகு என்பார்கள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பார்கள். வெங்காயம் உரிக்கும் கைகள் எல்லாம் நின்றுவிடும்.

"ஒண்ணுமில்ல. கூழு எத்தினி மணிக்குன்னு கேக்க வந்தேன்."

"நாளைக்கு பத்து மணிக்குக்கா" என்றார். பாட்டைச் சத்தமாக வைத்தார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். தம்பியிடமிருந்து போன் வந்தது. திரையில் அவன் பெயரைப் பார்த்ததுமே நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"யக்கா, மோதிகிச்சு."

"யாரு? நீயா?"

"நான் போவல. எங்க ஊர் போட்டு. மூணு பேர் இருந்தாங்க. ஒருத்தர தண்ணில தூக்கி போட்டுச்சு, புடிச்சி ஏத்திட்டாங்க. முன்னாடி உக்காந்திருந்தவருக்குதான் நல்ல அடி. பேச்சு கீது. ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போய்கினு இருக்கோம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "நம்பர் தெரியுது யக்கா. யார்துன்னு இன்னும் யாரும் பாக்கல. இன்னும் அர மணில பாத்துடுவாங்க."

என் தம்பி இல்லை என்று கேட்ட அந்த நொடியில் எனக்கு உயிர் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த மூச்சில்தான் அடிபட்டவர் யார் என்று கேட்டேன். நான் பிறந்த வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி இருப்பவர். அவர் மனைவி நான் படித்த பள்ளியிலேயே படித்தவள். என்னைவிட இரண்டு வகுப்பு கீழே.

நானும் என் வீட்டுக்காரரும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நம்பர் தெரியாமல் இருந்திருந்தால் போயிருப்போமா? இந்தக் கேள்வியை என்னிடம் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். போயிருப்போம் என்று துணிந்து சொல்ல எனக்கு இன்னும் முடியவில்லை.

அவள் வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஒயர்கூடை. கணவரின் ஈரச்சட்டை அதில் சுருட்டி வைத்திருந்தது. கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து, விலா எலும்பு மூன்று விரிசல் விட்டு, கன்னம் கிழிந்திருக்கிறது என்று தம்பி சொன்னான். என் வீட்டுக்காரர் நான்கு அடி தள்ளியே நின்றுவிட்டார். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அது எங்க போட்டு" என்றேன். "அமுக்கணும்னு விட்டோம். அமுங்கல."

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மெதக்குதுன்னு எப்ப தெரியும்?"

இன்று காலை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"முந்தாநாளு" என்றேன்.

அவள் கத்தவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த அந்த ஒயர்கூடையை எடுத்துத் தன் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தும் சேர்ந்து உட்கார்ந்தது. அடிபட்டவர் எழுந்து தொழிலுக்குப் போகும்வரை எங்கள் படகும் கடலுக்குப் போகக் கூடாது, கடலில் விட்டதைத் திரும்ப எடுத்துவந்து எங்கள் கரையிலேயே அழிக்க வேண்டும் என்று சொன்னார்கள். அதில் யாருக்கும் மறுபேச்சில்லை. என் வீட்டுக்காரரை ஸ்டேஷனுக்கும் மூன்று முறை கூப்பிட்டார்கள். கடலில் ஆளில்லாமல் ஒரு படகு நம்பரோடு மிதந்தால் அவர்கள் வேறு என்னென்னவோ சந்தேகப்படுவார்களாம். காலையில் போனவர் பொழுது சாய்ந்து வருவார். வரும்வரை நான் வாசலில் நிற்பேன். எழுதி வாங்கிக்கொண்டு கடைசியில் விட்டுவிட்டார்கள்.

மோதிய வேகத்தில் எங்கள் படகு ஓட்டை போட்ட இடத்திலேயே இரண்டாக முறிந்திருந்தது. முன்பாதியை நான்கு படகுகள் சேர்ந்து இழுத்துவந்து கரையேற்றின. ஓர் ஓரத்தில் மோதிய படகின் நீல பெயின்ட் அப்பியிருந்தது. அதற்குப் பக்கத்தில் எங்கள் நம்பர்.

அறுக்கும் மெஷினைக் கொண்டுவந்து மூன்று நாள் அறுத்தார்கள். வாயிலும் மூக்கிலும் ஈரத்துண்டு கட்டிக்கொண்டுதான் நின்றார்கள். தூள் பறக்காமல் இருக்க நான் குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். இருந்தும் பறந்தது. கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் மாதிரி அந்தத் தூள் கழுத்திலும் கை மடிப்பிலும் ஏறிக்கொண்டு, எத்தனை சோப்பு போட்டும் போகவில்லை. மகளை மூன்று நாளும் தம்பி வீட்டில் விட்டுவிட்டேன். இவ்வளவு பெரிய படகு எத்தனை துண்டாகப் போகும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. குட்டியானை வண்டியில் இரண்டு நடை ஏற்றினோம். குப்பைமேட்டு வாசலில் இருந்த ஆள் இறக்கவிட முதலில் ஒப்பவில்லை. நடந்ததை என் வீட்டுக்காரர் முழுவதும் சொன்னார். வாசலில் இருந்தவர் எழுந்துவந்து துண்டுகளைப் பார்த்துவிட்டு, ஓரமாகக் கொட்டச் சொன்னார்.

பின்பாதி கிடைக்கவில்லை. கல் அதில்தான் இருந்தது, அடியில் போய்ச் சேர்ந்திருக்கும் என்கிறார் என் வீட்டுக்காரர். முறிந்தபோதே கல் எல்லாம் கொட்டியிருக்கும், வாலிலும் தெர்மாகோல் இருக்கிறது, அது எங்கேயோ மிதந்துகொண்டுதான் இருக்கும் என்கிறான் தம்பி. இந்த முறை மைக்கில் நானே சொன்னேன். எங்கள் குப்பத்திலும் சொன்னேன், முகத்துவாரக்குப்பத்துக்குப் போயும் சொன்னேன். பழவேற்காட்டுப் பக்கம் தெரிந்தவர்களுக்கெல்லாம் தம்பி போன் செய்தான். யாரும் பார்க்கவில்லை என்றார்கள்.

மூன்று மாதம் கழித்து அடிபட்டவர் கடலுக்குப் போனார். வலது தோளை முன்போல உயர்த்த முடியாது, வலை இழுக்க முடியாது, அதனால் இன்ஜின் பக்கம் உட்காருகிறார் என்று சொன்னார்கள். அந்த வாரம் அவர் மனைவி காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்கு வந்தாள். முகத்துவாரக்குப்பத்தில் இல்லாத மீனா? என் கடை முன்னால் வந்து நின்றாள். பக்கத்துக் கடை அக்காவும் செதில் உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"மீதி பாதி கெடச்சுதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"தெனம் விடியறதுக்கு முன்னாடி போறாரு" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. "நான் எழுந்து உக்காந்துகினே இருக்கேன். நீ?"

"நானும்தான்" என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டு, கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.